உலகம் பிடித்த மஞ்சள் குடை

மழை வந்தால் குடை தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மழை வந்தால் வாசலில் நின்று ஜப்பானைத் திட்டுகிற மனிதரை என் ஆயுசில் ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் பெயர் உலகம். பெற்றவர்கள் ஆசையாக வேறு ஏதோ பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். ஆனால் மலாக்காவில், கஜா பெராங் சாலையில், "உலகம் எங்கே?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட, "குடைப் பட்டறையில இருக்கும் லா, போய்ப் பாருங்க" என்று கை காட்டும்.

அந்தப் பட்டறைக்கு அவர் மேனேஜர், நான் டைப்பிஸ்ட். சுதந்திரம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து டைப் அடிக்கக் கற்றுக்கொண்ட பெண் நான். "இந்த வேலையும் போச்சுன்னா மறுநாளே உளியையும் வாளியையும் தூக்கணும், தெரிஞ்சுக்க" என்று என் அண்ணன் சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார். அதனால் மேனேஜர் எப்படிப்பட்ட மனிதராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். இப்படிப்பட்ட மனிதராக இருப்பார் என்று யார் கண்டார்கள்!

போன முதல் நாளே என்னை உட்காரவைத்து ஒரு குடையைப் பிரித்துக் காட்டினார்.

"ஏம்மா டைப்பு, இது என்ன?"

"குடைங்க சார்."

"தப்பு. இது அஞ்சு நாடு. கம்பி ஜப்பான். துணி மெட்ராஸ். நூலு பம்பாய். பித்தளைக் குமிழ் ஹாங்காங். கைப்பிடி லண்டன். இது அத்தனையும் கப்பல்ல வந்து எங்க சேருது?"

"எங்கங்க சார்?"

"இங்க! கஜா பெராங்ல! உலகத்துக்கு நடு எதுன்னு நெனச்சே?"

நான் எண்ணிப் பார்த்தேன். மெட்ராஸும் பம்பாயும் ஒரே நாடு என்று சொல்ல வாய் வந்தது. வாளி ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

எது எங்கே நன்றாக வருமோ அதை அங்கேதான் செய்யவேண்டும், ஒரு பொருளை ஒரே ஊரில் செய்கிறவன் சோம்பேறி என்பது அவருடைய வேதம். அந்த வேதத்தைக் காப்பாற்றத்தான் சுவரில் பெரிய உலகப் படம் ஒன்று. அதில் ஊருக்கு ஊர் ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியிலிருந்தும் மலாக்காவுக்குச் சிவப்பு நூல் இழுத்துக் கட்டியிருந்தார். துணி தைக்கும் பெண்கள் அந்த நூலில்தான் கைக்குட்டை காயப்போடுவார்கள். "யாரும்மா இந்து மகா சமுத்திரத்துல துணி காயப்போட்டது?" என்று கத்துவார். இவர் கத்தினதும் யாராவது ஒருத்தி எழுந்துபோய்ச் சமுத்திரத்திலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வருவாள்.

காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் கடையிலிருந்து தேத்தண்ணி வந்தால் உடனே குடிக்கமாட்டார். "தூளு சிலோன். டின் பாலு ஆஸ்திரேலியா. ஆத்தினது யாரு? நம்ம காக்கா. அங்கதான் ருசி" என்று கையில் வைத்துக்கொண்டு அதன் குலம் கோத்திரமெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அது ஆறி, ஆடை கட்டி, ஈயும் விழுந்துவிடும். ஈ மட்டும் உள்ளூர்.

கடிதம் சொல்கிற கூத்து இருக்கிறதே, அதற்கு டிக்கெட் வைத்திருக்கலாம். லண்டனுக்குக் கடிதம் என்றால் அலமாரியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார். அந்தப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டும். மெட்ராஸுக்கு என்றால் கோட்டைக் கழற்றிவிட்டு நெற்றியில் விபூதி. ஜப்பானுக்கு என்றால் ஒவ்வொரு வரி முடிவிலும் குனிந்து ஒரு கும்பிடு. ஒரு நாள் மூன்று ஊருக்கும் அவசரமாக எழுதவேண்டி வந்து, கோட்டும் விபூதியுமாகக் குனிந்து குனிந்து நிமிர்ந்தவரைப் பார்த்து, மின்சாரக் கட்டணம் வாங்க வந்தவன் வாசலோடு திரும்பிப் போய்விட்டான்.

ஜப்பானை ஏன் திட்டுவார் என்று கேட்பீர்கள். குடைக் கம்பி மழையில் துருப்பிடிக்கும். குடை என்றால் மழையில்தானே பிடிப்பார்கள் என்று நாம் நினைப்போம். அவர் அப்படி நினைக்கமாட்டார். மழை தூறியதும் வாசலுக்குப் போய், "டேய் ஜப்பான்காரா! முலாம் பூசுடான்னு எத்தனை தடவை எழுதினேன்!" என்று வடகிழக்குத் திசையைப் பார்த்துக் கத்துவார். நனைந்துகொண்டேதான் கத்துவார். அவர் மட்டும் குடை பிடிக்கவே மாட்டார். "சமைக்கிறவன் பந்தியில உக்காரலாமா? குடை செய்யறவன் குடை பிடிச்சா சரக்கைத் திருடினான்னு ஊரு சொல்லும்" என்பார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் பட்டறைக்குள் வருவதைப் பார்த்துவிட்டு, குடை வாங்க வந்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அந்தக் கைப்பிடிக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. லண்டனிலிருந்து வரும் கைப்பிடி எதில் செய்தது? மலாக்காப் பிரம்பில்! இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போகிற பிரம்பை அங்கே வளைத்து, மெருகு போட்டு, திரும்ப நமக்கே அனுப்புவார்கள். எங்கள் பட்டறைக்குப் பக்கத்துச் சுவர் சீன வியாபாரி ஆ செங் தவ்கேயின் பிரம்பு நாற்காலிக் கடை. நடுவில் ஒரு லோங்காங், அவ்வளவுதான். அந்தச் சாக்கடையைத் தாண்டினால் வளைத்த பிரம்பு வேண்டிய மட்டும் கிடக்கும். தவ்கேயே ஒருமுறை எங்கள் வாசலில் நின்று சிரித்தார்.

"உலகம்! சினி அடா, லண்டன் பெர்கி பூவாட் அப்பா?" இங்கேயே இருக்கும்போது லண்டனுக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டார்.

உலகம் அசையவில்லை. "தவ்கே, உங்க பையன் லண்டன் போய்ப் படிச்சுட்டு வந்தா லாயர். இங்கயே இருந்தா நாற்காலி பின்னுவான். பிரம்புக்கும் அதே கதைதான் லா."

தவ்கேயின் மகன் உள்ளே நாற்காலிதான் பின்னிக்கொண்டிருந்தான். அதன் பிறகு கொஞ்ச காலம் இரண்டு கடைக்கும் பேச்சு இல்லை.

எங்கள் பட்டறை சிங்கப்பூரில் இருந்த ஒரு முதலாளிக்குச் சொந்தம். அவருக்கு இந்த ஐந்து நாட்டு வித்தை கட்டோடு பிடிக்காது. எல்லாவற்றையும் சிங்கப்பூரில் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து, மலாக்காவை மூடிவிடவேண்டும் என்று அவருக்கு எண்ணம். அந்த எண்ணம் பழுத்திருந்த சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. சுதந்திரம் வருகிற சந்தோஷத்தில் டவுன் கடைக்காரர்கள் ஒரு கமிட்டி போட்டு, பண்டார் ஹிலிர் திடலில் அணிவகுப்பு ஒன்று வைத்திருந்தார்கள். வரிசையாக நடக்கிறவர்கள் எல்லார் கையிலும் குடை. கமிட்டி சார்பில் வந்தவர் என்சே ஒஸ்மான் என்ற மலாய்க்காரர், தங்கமான மனிதர். "கறுப்பு வேண்டாம், நல்ல நிறமா இருக்கட்டும், உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி சிங்கப்பூரிலிருந்து ஆள் அனுப்பிச் சொன்னார். "இதை ஒழுங்கா செஞ்சு குடுத்தா பட்டறை இருக்கும். சொதப்பினா இழுத்துப் பூட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

தைக்கிற பெண்களும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கணவனை இழந்தவள், நோயாளி அப்பாவை வைத்திருப்பவள், எல்லாருக்கும் அந்தக் கூலியில்தான் உலை கொதித்தது. எனக்கு வாளி சத்தம் காதிலேயே கேட்டது.

உலகம் விபூதி பூசிக்கொண்டார். "எழுதும்மா டைப்பு. மெட்ராஸ் துணிக்காரருக்கு. நாட்டுக்கே நல்ல காரியம், மங்களகரமான நிறத்துல பட்டு மாதிரி துணி அனுப்பவும்." அடுத்து கோட்டு. லண்டனுக்குக் கைப்பிடி. சிவப்பு நூல்களை இழுத்துப் பார்த்து முறுக்கேற்றினார். எல்லாம் ஜோராகத்தான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள்.

வானொலியில் அதைக் கேட்டுவிட்டு வந்த உலகம் படத்தின் முன்னால் நின்றார். லண்டன் நூல் சூயஸ் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதை அவிழ்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கட்டப் பார்த்தார். நூல் எட்டவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிம்மா மூடலாம்?" என்று என்னைக் கேட்டார். நானா மூடினேன்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தையல் பெண்களில் மூத்தவர் எங்கள் பிபி. இதே கஜா பெராங்கில், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட மலாக்கா செட்டிக் குடும்பம். பிள்ளையார், அம்மன், விபூதி, குங்குமம் எல்லாம் உண்டு, தமிழ் மட்டும் வராது, வாயைத் திறந்தால் மலாய். அவர் ஊசியை மடியில் வைத்துவிட்டு, லோங்காங் பக்கம் விரலை மட்டும் நீட்டினார். எல்லாரும் நீட்டினோம்.

"முடியாது! கடல் தாண்டாத கைப்பிடியை என் குடையில மாட்டமாட்டேன்!"

"சார், எங்க சோத்துல மண்ணைப் போடாதீங்க" என்று நான் முதன்முறையாக வாய் திறந்தேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, பேச்சில்லாத ஆ செங்கிடமே போய்க் கைப்பிடி கேட்டார். ஆனால் வேதம் வேதம்தானே? வளைத்து மெருகு போட்ட கைப்பிடிகளைச் சாக்கடைக்கு மேலே எங்களிடம் நீட்டினால் ஒரு நிமிஷ வேலை. இவரோ அவற்றை மூட்டையாகக் கட்டி, திரிஷா என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், கட்டை ஏற்றுகிற தொங்காங் படகு ஒன்றில் வைத்து, கடலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப இறக்கி, திரிஷாவில் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கூடவே இவரும் போனார். உலகம் பூராவும் கப்பல் விட்டவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாந்தி எடுத்து வெளிறிய முகத்தோடு இறங்கி, "வந்துடுச்சு! இம்போர்ட்!" என்றார். ஆ செங் தவ்கே சிரித்துச் சிரித்துத் தன் புது நாற்காலியிலிருந்தே கீழே விழுந்தார்.

துணியும் வந்தது. மெட்ராஸ்காரரிடம் மங்களகரமான நிறம் என்று கேட்டால் என்ன அனுப்புவார்? பளபளவென்று மஞ்சள்! மூட்டையைப் பிரித்ததும் பட்டறையே விடிந்த மாதிரி இருந்தது. கையில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். மஞ்சளைவிட நல்ல நிறம் உண்டா? குடை தைத்து முடித்து வரிசையாக விரித்து வைத்துவிட்டு என்சே ஒஸ்மானை அழைத்தோம்.

வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அலாமா! கூனிங்?" மஞ்சளா என்று அலறினார்.

அவர் சொல்லித்தான் எங்கள் மண்டையில் உறைத்தது. மலாய்க்காரர்களுக்கு மஞ்சள் ராஜாவின் நிறம். மஞ்சள் குடை ராஜாவின் தலைக்கு மேல் மட்டும்தான் விரியும். கடைச் சிப்பந்திகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு திடலில் நடந்தால் மரியாதைக் கேடு. இந்த ஊரிலேயே சோறு தின்று வளர்ந்த எங்களில் ஒருத்திக்காவது இது தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். மஞ்சளைப் பார்த்த சந்தோஷத்தில் தமிழ் மூளை மட்டும்தான் வேலை செய்தது.

அணிவகுப்பு நெருங்கிவிட்டது. வேறு துணிக்கு நேரமில்லை. அப்போதுதான் யாருக்கோ அந்த யோசனை உதித்தது. மஞ்சளில் நீலம் ஏற்றினால் பச்சை! நீலத்துக்கு எங்கே போக? பிபி வீட்டு வேலியில் சங்குப்பூ. செட்டி வீடுகளில் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீலம் ஏற்றுவதே அந்தப் பூவில்தான். தெருவில் ஒரு வேலி மிச்சமில்லாமல் பறித்தோம். அந்த வாரம் எந்த வீட்டிலும் நீலப் பலகாரம் கிடையாது. அண்டா அண்டாவாகக் கொதிக்கவைத்து, குடைகளை விரித்து, பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சாயமேற்றினோம். உலகம் ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுவும் ஒரு நாள் கப்பல் ஏறும் பாரு" என்றார். அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவாரோ என்று பயந்து, ஒருத்தியை அவருக்குக் காவல் வைத்தோம்.

பச்சை அருமையாக வந்தது. என்சே ஒஸ்மான் கையைக் குலுக்கிவிட்டு எடுத்துப் போனார்.

அணிவகுப்பு நாள். சிங்கப்பூர் முதலாளியும் வந்து, மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாத்தியம் முழங்க, வெள்ளைச் சட்டையில் வரிசை வரிசையாகப் பச்சைக் குடைகள். எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. உலகம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க சார்?"

"டைப்பு... சங்குப்பூச் சாயம் தண்ணியில நிக்குமா?"

அவர் கேட்டு வாய் மூடவில்லை. கொட்டியது பாருங்கள் மழை!

முதல் வரிசையில் நீலம் இறங்கியது. குடையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து சட்டைக்கு, சட்டையிலிருந்து காற்சட்டைக்கு. வாத்தியம் நிற்கவில்லை, அவர்களும் நடையை நிறுத்தவில்லை. திடலின் ஒரு முனையில் பச்சைக் குடையும் வெள்ளை மனிதர்களுமாகப் புறப்பட்ட கூட்டம், மேடைக்கு முன்னால் வந்தபோது மஞ்சள் குடையும் நீல மனிதர்களுமாக வந்து சலாம் வைத்தது. மேடையில் இருந்தவர்களுக்கு எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை. மழையோடு மழையாக எங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல். "டேய் ஜப்பான்காரா!" பாவம், அன்றைக்கு ஜப்பான் ஒன்றுமே செய்யவில்லை.

என்சே ஒஸ்மான் பெரிய மனசு பண்ணிச் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. திரும்பிவந்த குடைகளைப் பட்டறையில் மலையாகக் குவித்துவைத்து எங்களையெல்லாம் நிற்கவைத்தார்.

"என்னய்யா உலகம், அஞ்சு நாட்டைக் கூட்டிவந்து என் மானத்தை வாங்கிட்டியே. நான் மறுபடி வர்றப்ப இந்த மஞ்சள் குடையில ஒண்ணு, ஒரே ஒண்ணு இங்க கெடந்தாலும் அன்னிக்கே பூட்டுதான். சாவி என் பையிலதான் இருக்கு."

அவர் போனதும் உலகம் படத்திலிருந்த நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. ஜப்பான் போயிற்று, மெட்ராஸ் போயிற்று. நான் டைப்ரைட்டருக்கு மூடி போட்டேன். அதுதான் கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டே போட்டேன், அழுகையாக வந்தது.

பிபி குவியலுக்குப் பக்கத்தில் போய் ஒரு குடையை விரித்தார். கழுவிப்போன மஞ்சளில் ஆங்காங்கே இலை இலையாகப் பச்சை ஒட்டியிருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எய், அம்மன் பூன்யா வார்னா!" என்றார்.

அம்மனுடைய நிறம்! மஞ்சளும் வேப்பிலையும்! இதே கஜா பெராங்கில் செட்டிமார்களின் மாரியம்மன் கோயிலில் திருவிழா வந்துகொண்டிருந்தது. பால்குடம் எடுப்பவர்களும் வேண்டிக்கொண்டவர்களும் மஞ்சள் கட்டி வெயிலில் நடப்பார்கள். அம்மனே ராணி, அவளுக்கு மஞ்சள் குடை பிடித்தால் யார் என்ன சொல்வார்கள்? பிபி தன் ஆட்களிடம் சொன்னார், அவர்கள் அவர்களுடைய ஆட்களிடம் சொன்னார்கள். குவியல் விற்றுத் தீர்ந்து, திருவிழா அன்று தெரு முழுக்க எங்கள் குடை. மழையும் வந்தது. ஒரு கம்பி வளையவில்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆ செங்கின் கைப்பிடி ஒன்று வழுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் உலகம் ஜப்பானைத் திட்டவில்லை. நனைந்துகொண்டே ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் படத்தில் கஜா பெராங் ஆணிக்கு ஒட்டினாற்போல் இன்னொரு ஆணி அடித்து, அரை விரல் நீளத்துக்கு ஒரு நூல் கட்டியிருந்தார். "இது கோயில்" என்றார்.

முதலாளி வந்தார். குவியல் இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடி அலமாரியைப் பார்த்து நின்றார்.

"அது என்ன?"

மாதிரிக்கென்று முதன்முதலாகத் தைத்து மாட்டிவைத்த மஞ்சள் குடை. தினமும் அதன் முன்னால்தான் உட்கார்ந்து வேலை செய்தோம். ஒருத்தி கண்ணிலும் படவில்லை. முதலாளி பைக்குள் கையை விட்டார்.

"அதுங்களா?" என்றார் உலகம். "அது சரக்கு இல்லைங்க. அது என்னுது. என் சொந்தக் குடை."

"நீயா? நீ குடை பிடிக்கமாட்டியே, ஊருக்கே தெரியுமே!"

"இப்பப் பிடிக்கிறேங்க."

குடையை எடுத்தார், விரித்தார், நல்ல வெயிலில் வாசல் இறங்கினார். முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் மடக்கவும் முடியவில்லை. சாலை நெடுக அப்படியே நடந்தார். எதிர்க் கோப்பிக் கடையில் இருந்த மலாய் வாலிபர்கள் மஞ்சள் குடையைப் பார்த்ததும் குபீரென்று எழுந்து, இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே கூப்பி, ராஜாவுக்குச் சொல்கிற மாதிரியே, "தௌலாட் துவாங்கு!" என்று முழங்கினார்கள். ஆ செங் நாற்காலிக் கடையிலிருந்து ஓடிவந்து குனிந்து கும்பிட்டார். உலகம் யாரையும் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. முதலாளி பைக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

முதலாளி எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உலகம் அன்றிலிருந்து தினமும் அந்தக் குடையோடுதான் வந்தார், போனார். வெயிலிலும் மழையிலும், கோயிலுக்கும் காக்கா கடைக்கும் அதே மஞ்சள். தினமும் யாராவது எழுந்து நின்று "துவாங்கு!" என்பார்கள், இவர் குனிந்த தலையோடு நடப்பார். திருட்டுப் பட்டம் வரும் என்று ஆயுசு முழுக்க நனைந்த மனிதர், நாங்கள் தையல் மெஷினையும் டைப்ரைட்டரையும் விட்டு எழுந்துபோகக் கூடாது என்பதற்காக ஊர் சிரிக்கச் சிரிக்கக் குடை பிடித்தார். என் அண்ணன் சொன்ன வாளியை நான் கடைசிவரை தூக்கவில்லை.

போர்த்துக்கீசியர் வந்து துரத்தியதிலிருந்து மலாக்காவுக்கு ராஜா கிடையாது என்று என் பேத்தியின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதை எழுதியவர் கஜா பெராங் பக்கம் வந்திருக்கமாட்டார். எங்களுக்கு ஒருவர் இருந்தார்.